இப்போ என்ன போகுது

மடிப்பாக்கத்தில் ஏரிக்கரைப் பக்கத்துச் சந்தில்
ஒற்றைப் படுக்கையறை வீடு
பன்னிரண்டாயிரத்துக்குப் போய்க்கொண்டிருந்தது.
அதைப் பதினாலு ஆக்கியவன் நான்தான்.

பெரிய வேலையில்லை.
பல் விளக்கிக்கொண்டிருந்தபோது ஓர் ஓனர் போனில் கேட்டார்,
'இப்போ என்ன போகுது அந்தப் பக்கம்?'
நுரையோடு சொன்னேன், பதினாலு.
சாயங்காலம் டீக்கடையில்
எனக்கே ஒருவன் சொன்னான்,
'பதினாலு போகுதாம்ணே, தெரியுமா?'

சட்டைப் பையில் ஒன்பது சாவிகள்.
கல்யாணப் பத்திரிகை அட்டையை வெட்டிக் கட்டிய
துண்டுகளில் ஸ்கெட்ச் பேனா எழுத்து:
இரண்டாம் மாடி, லிஃப்ட் வரும்.
மெட்ரோ தண்ணி காலையில் மட்டும்.
பேச்சிலர் வேண்டாம்.
சைவம்.
நாய் என்றால் பேசிப் பார்க்கலாம்.

'ஃபேமிலி எப்படி?' என்று ஓனர் கேட்டால்
எத்தனை பேர் என்று அர்த்தமில்லை.
அதை நான் எழுதுவதில்லை.
எழுதாமல்தான் பதினாறு வருஷம் இந்தத் தொழில்.

போன வாரம் ஹெப்சிபா என்று ஒரு நர்ஸ்,
நாகர்கோவில் பொண்ணு, நைட் டியூட்டி முடித்த கண்.
குழாயைத் திறந்து பார்த்தாள்.
ஜன்னலைத் திறந்தாள்,
எதிர்வீட்டு ஜன்னல் இடித்ததும் மூடினாள்.
'கரண்ட் யூனிட் எவ்வளவு?'
ஒன்பது ரூபாய்.
'நூறு யூனிட் ஃப்ரீ இல்லையா?'
அது மீட்டருக்கும்மா. மீட்டர் ஓனருடையது.

பிறகு சுவரில் சாய்ந்து செல்போனில் கணக்குப் போட்டாள்.
அட்வான்ஸ் ஆறு மாசம்,
எனக்கு ஒரு மாசம்,
மெயின்டனன்ஸ், கோடையில் லாரித் தண்ணி,
ஷேர் ஆட்டோ, ஊருக்கு அனுப்புவது.
கழித்துக்கொண்டே வந்து
ஏதோ ஓர் எண்ணில் நின்றாள்.
அதை எனக்குக் காட்டவில்லை.
'காலி பண்றப்போ பெயின்ட்டுக்குப் பிடிப்பாங்களா?'
பிடிப்பாங்க.
'நான் ஆணியே அடிக்க மாட்டேனே.'
அடிச்சாலும் அடிக்காட்டியும் ஒரு மாசம்மா.
சிரித்தாள். டோக்கன் ஆயிரம் கொடுத்தாள்.
வண்டியைக் கிளப்பும்போது எனக்குத் தோன்றியது,
அந்த வீடு பன்னிரண்டாகவே இருந்திருக்கலாம்.
அவ்வளவுதான் தோன்றியது. பெட்ரோல் போடப் போனேன்.

நான் இருப்பது கீழ்க்கட்டளை.
ஒன்பதாயிரத்து ஐந்நூறு.
அக்ரிமெண்ட் மனைவி பெயரில்.
வாடகை அவள் போனிலிருந்து போகும்.
ஓனர் விருகம்பாக்கத்தில் இருக்கிறார்.
அவருக்கு நான், தெய்வானையின் வீட்டுக்காரர்.
மின்கம்பத்தில் ஒட்டியிருக்கும்
'சாய் ரியல்ஸ், வாடகை, ஒத்தி, விற்பனை' நம்பர்
யாருடையது என்று அவருக்குத் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை அந்த நம்பர் அடித்தது.
குரல் கேட்டதும் எழுந்து நின்றுவிட்டேன்.
'கீழ்க்கட்டளையில சிங்கிள் பெட்ரூம்,
இப்போ என்ன போகுதுங்க?'
குரலைக் கொஞ்சம் கட்டையாக்கினேன்.
ஒன்பது சார். ரொம்பப் போனா ஒன்பதரை.
'என்னங்க, மடிப்பாக்கத்துல பதினாலுங்கறாங்க.'
அது அங்க சார்.
'நடந்து போற தூரம்தானேங்க?'
நடுவுல ரோடு ஒன்னு இருக்கு சார்.
பதினாறு வருஷத்தில்
இவ்வளவு மட்டமாக நான் பேரம் பேசியதில்லை.

'சரி, போட்டோ அனுப்பறேன்.
பதினொன்னு மாசம் முடியப் போகுது,
நல்ல பார்ட்டியா பாருங்க' என்றார்.

ஐந்து படங்கள் வந்தன.
குழாய் ஒழுகுதா பார்க்கணும் என்று வந்தாரே,
அன்றைக்கு எடுத்திருக்கிறார்.
சமையலறை, அடுப்பில் எங்கள் தோசைக்கல்.
ஹால், மகளின் கணக்கு நோட்டு திறந்தபடி.
பாத்ரூமுக்கு இரண்டு படம்.
கடைசியில் படுக்கையறை,
தெய்வானையின் முதுகு பாதி,
கொடியில் காய்கிற நீலக் கட்டம் போட்ட சட்டை.

குனிந்து பார்த்தேன்.
அதைத்தான் போட்டிருந்தேன்.
பையில் ஒன்பது சாவிகளும் கனத்தன.

'யாருங்க?' என்றாள் அவள் உள்ளேயிருந்து.
ஒரு பார்ட்டி, என்றேன்.
கட்டைவிரல் அதன் பழக்கத்தில்
தட்டிக்கொண்டிருந்தது:
எவ்வளவு எதிர்பார்க்கிறீங்க சார்?